கை நனைக்காத மூன்று நாள்

லண்டன்,
சனிக்கிழமை, காலை பத்து மணி.
(உங்களுக்கு மதியம் இரண்டரை. சாப்பிட்டு முடித்திருப்பீர்கள்.)

அன்பும் பொறுமையும் மிக்க மைத்துனர் அரவிந்தன் அவர்களுக்கு, வலங்கைமான் கோவிந்தராசு லண்டன் மாநகரிலிருந்து எழுதிக்கொள்வது. அங்கே தாங்களும், தங்கள் வீட்டாரும், மாடு கன்றுகளும், தங்களை நம்பி விட்டு வந்த என் குறுவை நாற்றங்காலும் சௌக்கியம் என்று நினைக்கிறேன். இங்கே நானும் உங்கள் அக்கா ஞானாம்பாளும் உயிரோடு இருக்கிறோம். "நலம்" என்று எழுதப் பார்த்தேன், பேனா ஓடவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். இந்த வீட்டுச் சுவரெல்லாம் அட்டை. மாடியில் நான் தும்மினால் கீழே சமையலறையில் "நூறு" என்கிறார்கள். வாட்ஸப்பில் பேசி அனுப்பலாம் என்றால், உங்கள் பெரியப்பா மகனைப் பற்றி உங்களுக்கு மட்டும் அனுப்பியது குடும்பக் குரூப்பில் போய் விழுந்து, நான் பட்ட பாடு போதும். ஆகவே தாளில் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து படிக்கவும்.

விஷயம் இதுதான் மச்சான். நாங்கள் இங்கே பட்டினி. கவிதைக்குச் சொல்லவில்லை, நிஜமான பட்டினி. ராஜராஜனை உங்களுக்குத் தெரியும். நீடாமங்கலம் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சு. தெரிந்ததையே எழுதுகிறேனே என்று பார்க்காதீர்கள், வயிறு காய்ந்தால் எல்லாம் ஆதியிலிருந்து ஞாபகத்துக்கு வருகிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் மகள் கலைமகள் கல்யாணத்துக்கு அவன் லண்டனிலிருந்து பறந்து வந்தானே, மாப்பிள்ளை வீட்டு பஸ் வந்து நிற்கிற நேரம், நீங்கள் மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறீர்கள், நான் அவனைப் பார்த்து "வாடா, சாப்பிடலாம்" என்றேன். "இருக்கட்டும்டா, பசியில்லை" என்றான். நான் பஸ்ஸைப் பார்க்க ஓடினேன். திரும்பி வந்தால் ஆளைக் காணோம். பெண் கல்யாணத்தில் கை நனைக்காமல் போனால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அன்றோடு பேச்சு முறிந்தது. போன மாசியில் அவனாகத்தான் போன் செய்தான். "வயசாயிடுச்சுடா, ரெண்டு பேரும் வந்து மூணு வாரம் இருங்கடா" என்றான். கொஞ்சம் முறுக்கிக்கொள்ள வேண்டும் என்று ஆசைதான். ஆனால் போனை வைத்த கையோடு பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க ஓடினேன். அவனில்லாத பதினோரு வருஷம் எனக்கு நன்றாகவே இல்லை. இந்த மூன்று வாரத்தில் பழையபடி ஆகிவிட வேண்டும், இப்போது விட்டால் இந்த ஜென்மத்தில் கிடையாது என்றுதான் விமானம் ஏறினேன்.

புதன்கிழமை வந்து இறங்கினோம். வீட்டுக்குள் கால் வைத்ததும் அவன் மனைவி எழில்மொழி, "காபி, டீ ஏதாவது?" என்றாள். நாங்கள் இருவரும் ஒரே குரலில், "ஒண்ணும் வேண்டாம்மா, இப்பத்தான் ப்ளைட்டுல குடிச்சோம்" என்றோம். மானமுள்ள மனிதன் வேறென்ன சொல்வான்? போனதும் போகாததுமாகக் கையை நீட்டுவானா? அவள் "அட, கொஞ்சமாவது குடிங்க" என்பாள், நாம் "எதுக்கும்மா சிரமம்" என்போம், அவள் கோபித்துக்கொள்வாள், நாம் "சரி, அரை டம்ளர்" என்போம், முழு டம்ளர் வரும். இதுதானே முறை? அவள் "ஓ, சரிங்க" என்று சொல்லிவிட்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். உங்கள் அக்கா என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு இவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு. ஊரில் மாடு ஓட்டி வருகிற நேரம்கூட இல்லை, வெளியே வெயில் காய்கிறது. கோழிக் குழம்பு வாசனை மாடிப்படி ஏறி வந்து என் சட்டையைப் பிடித்து இழுக்கிறது. ராஜராஜன் "சாப்பிடலாமா?" என்றான். "எங்களுக்குப் பசியே இல்லடா, நீங்க சாப்பிடுங்க" என்றேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, எங்கள் கண்ணெதிரே அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் மச்சான்! ஆறரைக்குப் பாத்திரமெல்லாம் மிஷினுக்குள் போய்விட்டது. சரி, பொழுது சாய்ந்ததும் இன்னொரு தரம் கேட்பார்கள் என்று காத்திருந்தோம். இந்த ஊரில் இந்த மாதத்தில் பொழுது ஒன்பதரைக்குத்தான் சாய்கிறது. அதற்குள் அவர்கள் படுக்கப் போய்விட்டார்கள்.

கொண்டு வந்த முறுக்கும் அதிரசமும் எங்கே என்று கேட்பீர்கள். நாலு கிலோவையும் வந்த அன்றே எழில்மொழி கையில் கொடுத்து, "எல்லாம் உங்களுக்குத்தான்" என்று உங்கள் அக்கா பெருமையடித்துவிட்டாள். மறுநாள் காலையில் ராஜராஜன் முறுக்கு டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போனான். சாயங்காலம் வந்து, "வெள்ளைக்காரனுங்க எல்லாம் விரும்பித் தின்னானுங்க" என்றான். காலி டின்னை உங்கள் அக்கா திறந்து முகர்ந்து பார்த்தாள்.

வியாழக்கிழமை வேலைக்குப் போகும்போது எழில்மொழி, "ப்ரிட்ஜுல எல்லாம் இருக்கு, எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்க" என்றாள். நான் ப்ரிட்ஜ் கதவில் கை வைத்தேன். உங்கள் அக்கா, "பரிமாற ஆளில்லாம அடுத்தவங்க வீட்டுப் பொட்டியத் தொறந்து திங்கறதுக்கு எங்க வீட்டுல வேற பேரு சொல்லுவாங்க" என்றாள். "எங்க வீடு" என்றால் உங்கள் வீடு மச்சான். ஆக, நான் பட்டினி கிடப்பதற்கு உங்கள் வீட்டு வளர்ப்பும் ஒரு காரணம் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். "உங்க சிநேகிதர்தானே, நீங்களே கேளுங்களேன்" என்றாள். "கேட்டா, பதினோரு வருஷம் கழிச்சு சோத்துக்கு வந்தான்னு ஆயிடாதா?" என்றேன். கைப்பையைத் தேடியதில் விமானத்தில் கொடுத்த இரண்டு பிஸ்கட்டும், ஆலங்குடி குரு கோயில் பிரசாதக் கற்கண்டும் இருந்தன. அன்றைய பொழுது அதிலே போனது. ஆறு மணிக்கு அவன் ஒரு தடவை கேட்டதும், நான் "பசியில்லை" என்றதும் முதல் நாள் மாதிரியேதான். குரு பகவான் அந்த ஒரு நாள்தான் எங்களைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை தோட்டத்துப் பக்கம் காலாற நடந்தேன். அங்கே ஒரு கம்பியில் சின்னக் கூண்டு தொங்குகிறது. உள்ளே தோல் உரித்த வேர்க்கடலை. குருவிக்கும் அணிலுக்கும் வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் யாரையும் "வேணுமா" என்று கேட்காமல் வைத்த சாப்பாடு அது ஒன்றுதான். மூடியைத் திறந்து ஒரு கை அள்ளினேன், வாயில் போட்டேன், உங்கள் அக்காவுக்கு ஒரு கை எடுத்து வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டேன். வேலி மேல் ஓர் அணில் உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தது. அதற்குப் பின்னால் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். மகராசி, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு தட்டு நிறைய கேக் எடுத்து வந்து வேலிக்கு மேல் நீட்டினாள். மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன், நான் சொல்லவில்லை, இந்த வாய் தானாகச் சொன்னது: "நோ, நோ, தேங்க்யூ." அவளும் சிரித்துக்கொண்டே தட்டை உள்ளே எடுத்துப் போய்விட்டாள். ஜன்னலிலிருந்து இதைப் பார்த்த உங்கள் அக்கா கடலையைத் தின்றாள், ஆனால் என்னோடு பேசவில்லை.

நேற்று சாயங்காலம்தான் கொடுமை. ஆறு மணிக்கு ராஜராஜன் எங்களைக் கூப்பிடக்கூட இல்லை. மேஜையில் இரண்டு தட்டு மட்டும் வைத்து, தலையைக் குனிந்துகொண்டு அவர்கள் பாட்டுக்குச் சாப்பிட்டார்கள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைக்கு என் வீட்டுக் கல்யாணத்தில் கை நனைக்காமல் போனவன், இன்றைக்கு என்னை விமானம் ஏற்றி வரவழைத்துப் பட்டினி போடுகிறான். ஆகவே தாங்கள் நாளை காலை போன் செய்து, மோட்டார் எரிந்துவிட்டது, நாற்றங்கால் காய்கிறது, அத்தான் உடனே வந்தாக வேண்டும் என்று அவன் காதில் விழும்படி சத்தமாகச் சொல்லவும். கொஞ்சம் அழுதால் நல்லது. ஊர் வந்து சேர்ந்த பிறகு அவன் பெயரை எடுக்கமாட்டேன். இதை எழுதும்போது கண் கலங்குகிறது. பசியாகத்தான் இருக்கும்.

தங்கள் மனைவிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
ஒட்டிய வயிற்றோடு,
கோவிந்தராசு

பின்குறிப்பு: மேலே உள்ள பக்கங்களை அனுப்பிவிட்டேன், வாட்ஸப்பில் நீலக் கோடு இரண்டும் விழுந்துவிட்டது, படித்திருப்பீர்கள். தயவுசெய்து மறந்துவிடவும். போன் செய்ய வேண்டாம். மோட்டார் நன்றாக இருக்கிறது.

மதியம் கடைக்குப் போய்த் திரும்பிய இவர்கள் இருவரையும் வாசலிலேயே அந்த வெள்ளைக்கார அம்மா நிறுத்தி, உங்கள் விருந்தாளி அணில் கடலையைத் தின்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். ராஜராஜன் காய்கறிப் பையோடு மாடியேறி வந்து நின்றான். "ஏன்டா, என் வீட்டுச் சோறு ஆகாது, அணில் சோறு ஆகுமா? மூணு நாளா கை நனைக்காம உட்கார்ந்து என்னைப் பழி வாங்கறியேடா, அவ்வளவு வன்மமாடா உனக்கு?" என்றான். பின்னால் வந்த எழில்மொழி, "நேத்து கேக்கவே பயமா இருந்துச்சுங்க. இன்னொரு தடவை வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னா இவரு தாங்கமாட்டாரு" என்றாள். "வேண்டாம்னு சொன்னா அப்படியே விட்டுடுவியாடா?" என்று கத்தினேன். "இருபத்தெட்டு வருஷமா இந்த ஊருலடா. இங்க வேண்டாம்னா வேண்டாந்தான்!" என்று அவனும் கத்தினான். அப்போது உங்கள் அக்கா எங்கள் நடுவில் வந்து நின்று, "எனக்குப் பசிக்குது" என்றாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அடுத்தவர் வீட்டில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எழில்மொழி அரிசி களைய ஓடினாள்.

நான் மட்டும் விடவில்லை. "அப்ப அன்னைக்கு என் பொண்ணு கல்யாணத்துல நீ செஞ்சது என்னடா?" என்றேன். அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "நீ ஒரே ஒரு தடவைதான்டா கூப்பிட்ட. இன்னொரு தடவை வந்து கூப்பிடுவேன்னு மண்டப வாசல்ல கார்ல முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டிரைவர்கூட ரெண்டு பந்தி சாப்பிட்டு வந்துட்டான்" என்றான்.

மச்சான், பத்தடி. வாசலுக்கு ஒரு பத்தடி நடந்து வந்து எட்டிப் பார்த்திருந்தால் எனக்குப் பதினோரு வருஷம் மிச்சம். முட்டாள், முட்டாள் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவனும் ஒன்று அடித்தான், என் தலையில்தான். முக்கால் மணி நேரம் அங்கேயே ஒரு கார் நின்றதைச் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற நீங்களாவது பார்த்துச் சொல்லியிருக்கலாம், அதை நேரில் பேசிக்கொள்வோம்.

சாப்பிட்டோம். எவ்வளவு என்று கேட்காதீர்கள். உங்கள் அக்கா கையைக் குறுக்கே வைத்து "போதும், போதும்" என்றாள். எழில்மொழி கரண்டியோடு நின்று ராஜராஜனைப் பார்த்தாள், அவன் என்னைப் பார்த்தான், நான் "போடும்மா" என்றேன். உண்மையிலேயே போதும் என்றுதான் சொன்னாளாம்.

இப்போது மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கீழேயிருந்து அவன், "டேய் கோவிந்தராசு, காபி வச்சாச்சு, வாடா" என்று கத்துகிறான். இதோடு மூன்று தடவை ஆயிற்று. நான் போகவில்லை. கத்தட்டும் மச்சான், கேட்க நன்றாக இருக்கிறது.