அரைப்புள்ளியின் முழங்கால்

பாடப்புத்தகம் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் அவருக்குப் பிழை திருத்தும் வேலை. எந்தப் புத்தகம் கைக்கு வருகிறதோ, அது அச்சேறும் வரை அவர் அந்தத் துறையில் மேதை. கோழி வளர்ப்பு வந்த மாதம் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து வைத்துக் கோழிச் சளியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பக்கத்து வீட்டுக்காரர் வளர்ப்பது பூனை. எந்தப் பேச்சையும் முடிக்காமல், கொஞ்சம் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி தொடர்வதால் அச்சகத்தில் அவருக்கு அரைப்புள்ளி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இந்த வருஷம் வந்தது எட்டாம் வகுப்பு அறிவியல். அதில் மூட்டுகளும் தசைகளும் என்று ஒரு பாடம். ‘திசைகள் எலும்பை இழுக்கின்றன’ என்று அச்சுக் கோத்திருந்ததைச் சிவப்பு மையால் ‘தசைகள்’ என்று திருத்தினார் பாருங்கள், அன்றிலிருந்து மனிதர்கள் அவர் கண்ணுக்கு மனிதர்களாகப் படவில்லை. மேலதிகாரி கையை ஓங்கி மேஜையில் அடித்தபோதுகூட, அடடா, தோளில் பந்துக்கிண்ண மூட்டு, முழங்கையில் கீல் மூட்டு, எவ்வளவு அழகாகச் சேர்ந்து வேலை செய்கின்றன என்றுதான் வியந்தார்.

அவர் மனைவி டவுன் பஸ் கண்டக்டர். இருபத்திரண்டு வருஷமாக ஓடுகிற பஸ்ஸில் நின்றே பிழைப்பு நடத்துகிறவள். ஒருநாள் வேலை முடிந்து வந்தவள், மூன்றாம் மாடியிலிருக்கும் வீட்டுக்கு ஏறாமல் முதல் மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முட்டி பிடித்துக்கொண்டது என்றாள். அரைப்புள்ளிக்கு மனசு பதறிவிட்டது. பதற்றம் முக்கால் பங்குதான். மீதிக் கால், தான் கரைத்துக் குடித்திருந்த காலைப் பற்றி வீட்டிலேயே பேச வாய்ப்புக் கிடைத்த சந்தோஷம்.

மறுநாளே அவள் சொன்ன ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண் மனைவியிடம் இரண்டே கேள்வி கேட்டாள். பிறகு அவரைப் பார்த்து, சார் கொஞ்சம் கட்டிலில் படுத்தால் அவரை வைத்தே அம்மாவுக்கு விளக்கிக் காட்டலாம் என்றாள். மாதிரியாகப் படுக்க அவருக்குக் கசக்குமா? அவள் அவருடைய வலது முழங்காலை மடக்கினாள், நீட்டினாள், அழுத்தினாள், காகிதத்தில் என்னவோ குறித்துக்கொண்டாள். தொடைத் தசை பலவீனமானால் பாரம் முழுக்க மூட்டின் தலையில் விழும் என்று விளக்கினாள். தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. முன்தொடை இழுத்தால் கால் நீளும், பின்தொடை இழுத்தால் மடங்கும். ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்க வேண்டும் என்றாள். படுத்தபடியே அவர், எங்கள் வீட்டில் யார் இழுப்பது என்று மட்டும் கேட்காதீர்கள் என்றார். மனைவி சரியான இடத்தில் சிரித்தாள்.

பயிற்சிகள் எழுதிய தாளை வீட்டில் பிரித்துப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே ‘ஆண், வயது 54’ என்றிருந்தது. அவர் மனைவி பெண்; வயது நாற்பத்தொன்பது. ஒரே வரியில் இரண்டு பிழை. அந்த ஆஸ்பத்திரியை நினைத்துப் பரிதாபப்பட்டுக்கொண்டே சிவப்புப் பேனாவை எடுத்து அடித்துத் திருத்தி, ஓரத்தில் கையெழுத்தும் போட்டு, தாளை அலமாரிக் கதவில் ஒட்டினார்.

மனைவி இரண்டு நாள் செய்தாள். மூன்றாம் நாள் அலுப்பாக இருக்கிறது என்றாள். நான்காம் நாள் பேச்சையே எடுக்கவில்லை. அரைப்புள்ளிக்குச் சோறு இறங்கவில்லை. முட்டி போனால் அவளை டிப்போவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். ஒரு விசிலில் பஸ்ஸையே நிறுத்துகிறவள், அறுபது பேரை ஒரு அதட்டலில் உள்ளே நகர்த்துகிறவள், நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரே மாதத்தில் வாடிப்போவாள். யோசித்து யோசித்து ஒரு தந்திரம் செய்தார். தனக்கும் முட்டி வலிப்பதாக நடிப்பது. துணைக்கு ஆள் இருந்தால் அவளும் செய்வாள் அல்லவா?

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லிவிட வேண்டும். அவருக்கு வலது முட்டி ஒரு வருஷமாக உண்மையாகவே வலித்துக்கொண்டிருந்தது. படியேறும்போது மாடிக்கு மாடி நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றிய அறிவிப்பை ஊன்றிப் படிப்பார். தொட்டி கழுவி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஊர்ப் பிழையெல்லாம் திருத்துகிறவர், தன் உடம்பில் ஒரு பிழை என்று எந்த வாயால் சொல்வார்? ஆகையால் இருக்கிற வலியை இல்லாத வலி மாதிரி நடிக்க வேண்டியிருந்தது. கண்ணாடி முன்னால் ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டார்.

“ஏம்மா, எனக்கும் லேசா முட்டி வலிக்கிற மாதிரி இருக்கு.”

“எந்த முட்டி?”

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. “வலது” என்று உண்மை வந்துவிட்டது.

“எப்பலேருந்து?”

“இன்னிக்குத்தான்.”

“அப்ப சேர்ந்தே செய்வோம். தனியா செய்யத்தான் எனக்கு அலுப்பா இருந்துச்சு.”

தன் மூளையை நினைத்து அவரே மலைத்துப் போனார்.

தினமும் காலையில் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். எண்ணுவது அவள் வேலை. ஏழு, எட்டு, உள்ளே போங்க, ஒன்பது என்று பழக்க தோஷத்தில் எண்ணுவாள். நான்காவது தடவையில் நிறுத்திவிட்டு, நீங்கள் செய்யுங்கள், தொடை எப்படி இறுகுகிறது என்று பார்த்துக் கற்றுக்கொள்கிறேன் என்பாள். அவளுக்கு ஊக்கம் வரட்டும் என்று அவள் பங்கையும் சேர்த்து அவரே செய்வார். இப்படி ஆறு வாரம். ஒருநாள் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு வந்த பிறகுதான், வழியில் அறிவிப்பைப் படிக்க மறந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. அன்று மனைவியும் சிரமமில்லாமல் ஏறி வந்தாள். அவளுக்கே தெரியாமல் அவளைக் குணப்படுத்திய கதையை அச்சகத்தில் அரைப்புள்ளி வைத்து அரைப்புள்ளி வைத்து ஒரு வாரம் சொன்னார்.

ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனார்கள். வரவேற்பு மேஜையிலிருந்த அம்மா பதிவேட்டைப் பார்த்து, வலது முழங்கால், ஆண், ஐம்பத்துநாலு, உள்ளே போகலாம் என்றாள். அரைப்புள்ளி எழுந்து போய், இந்தப் பிழை தாளிலும் இருந்தது, நான் திருத்திவிட்டேன், நீங்களும் பதிவேட்டில் திருத்திவிடுங்கள் என்று பெருந்தன்மையாக எடுத்துச் சொன்னார். அந்தம்மா பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அதில் ஒரு கடிதம் குத்தியிருந்தது. அச்சகத்து ஆட்களை வருஷாவருஷம் பரிசோதிக்கும் டாக்டர் இதே ஆஸ்பத்திரிக்கு எழுதியது. நோயாளி என்ற இடத்தில் அவர் பெயர். ஐந்து மாதத்துக்கு முன்னால் அவர் கையில் கொடுத்த கடிதம். சட்டைப் பையில் வைத்து மறந்துவிட்டார். மறந்துவிட்டார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. அந்த வீட்டில் சட்டை துவைக்கிறவள் மனைவி.

திரும்பிப் பார்த்தார். அவள் சுவரிலிருந்த தசைப் படத்தை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு முட்டி வலியே இல்லையா?”

“நாளெல்லாம் நிக்கிற காலுங்க இது. உக்காந்த காலுக்குத்தான் வலிக்கும்.”

“என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே.”

“நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் ஒண்ணுமில்லைன்னீங்க.” அவள் குரல் இறங்கியது. “ஒவ்வொரு மாடியிலும் நீங்க நிக்கிறப்ப, நான் மேல கதவுகிட்ட நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். அடுத்த காலடிச் சத்தம் எப்ப வரும்னு.”

அரைப்புள்ளிக்குப் பேச்சு முற்றுப்புள்ளியில் வந்து நின்றது.

உள்ளே பிசியோதெரபிஸ்ட் முழங்காலை மடக்கிப் பார்த்துத் திருப்தி என்றாள். பிறகு, வருஷக்கணக்காகக் குனிந்தே படிக்கிறவர் அல்லவா என்று தோளையும் அழுத்திப் பார்த்தாள். வெளியே வரும்போது மனைவியிடம் மட்டும் என்னவோ சொன்னாள்.

தெருவில் நடக்கும்போது அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இனிமேல் எதுவானாலும் தன்னிடம் நேரடியாகச் சொல்ல வேண்டும், இந்த நாடகமெல்லாம் தேவையில்லை, தான் ஒன்றும் சின்னக் குழந்தை இல்லை என்று கண்டிப்பாகச் சொன்னார். அவளும் சரிங்க என்று அடக்கமாகத் தலையாட்டினாள். பத்தடி போயிருப்பார்கள். அவள் நின்று, தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தாள்.

“என்னன்னு தெரியலைங்க, காலையிலேருந்து இந்தத் தோள்பட்டை பிடிச்சு இழுக்குது.”

அரைப்புள்ளி தன் வலது தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்தார்.

“காலையில எத்தனை தடவை செய்யணும், சாயங்காலம் எத்தனை தடவை?” என்று கேட்டார்.