நாமகரணமும் பன்னிரண்டு மூட்டை கேரட்டும்

பேர் இல்லாத எதையும் தொடமாட்டேன் என்று இந்தப் பூமியில் பிறந்த ஒரே மனிதர் நாங்கள் நாமகரணம் என்று பட்டப்பேர் வைத்திருந்தவர்தான். மூணாறில் ஒரு பேன்சி கடைக்கு மேலே, மூன்று பேர் உட்கார்ந்து ஆப் எழுதும் ஆபீஸ் எங்களுடையது. அங்கே மோடத்துக்கு ஒரு பேர், கெட்டிலுக்கு ஒரு பேர் வைத்திருந்தார். கெட்டில் பழுதான அன்று, சரோஜாவுக்கு முடியவில்லை, கூட்டிப் போக வேண்டும் என்று அரைநாள் லீவு எடுத்தார்.

மேலே வட்டவடை மலைக்கிராமத்துக்காரர்கள் காய்கறி ஏற்ற ஜீப் புக் செய்வதற்கு ஒரு ஆப் எழுதினோம். தோட்டத்தில் சிக்னல் கிடையாது. அதனால் புக்கிங் எல்லாம் போனுக்குள்ளேயே வரிசையில் காத்திருக்கும். சிக்னல் வந்ததும் தானாகப் போய்ச் சேரும். அந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொரு புக்கிங்குக்கும் மூட்டைக்காரரின் பேரை வைக்கச் சொன்னார் நாமகரணம். ஒரு போனுக்கு ஒரு ஆள், இதற்கு எதற்குச் சடங்கு என்று நான் கேலி செய்தேன். கேன்சலை அமுக்கினால் வரிசை மொத்தமும் காலியாகும்படி ஒரே வரியில் எழுதி முடித்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அங்கே ஒரு தெருவுக்கே ஒரு போன் என்பது எனக்குத் தெரியாது. சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு யார் போகிறாரோ, அவர் போனில்தான் எல்லாரும் புக் செய்வார்களாம். முதல் வாரமே ஒருவர், முட்டைக்கோசை நாளைக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று கேன்சலை அமுக்க, தெருவே கேன்சலாகிவிட்டது. மற்றவர்கள் எப்படியோ வண்டி பிடித்துவிட்டார்கள். செல்லத்தாய் அக்காவின் பன்னிரண்டு மூட்டை கேரட் மட்டும் ரோட்டோரம் கிடந்தது. கழுவிய கேரட் நாள் தாங்காது. அக்காவுக்கு அந்தப் பருவத்தின் விளைச்சலே அவ்வளவுதான்.

அக்கா மேடேறி வந்து போன் செய்தார். எடுத்த நான், விஷயத்தைக் கேட்டதும் போனை நீட்டிவிட்டேன். நாமகரணம் போனை வாங்கினார்.

"தப்பு எங்க மேலதான்க்கா. அங்கனயே இருங்க, நான் வண்டியோட வாரேன்."

இதை எழுதினது எவன் என்று அக்கா கேட்டது என் காதிலும் விழுந்தது.

"மூணு பேரும் சேந்துதான்க்கா எழுதுனோம்."

சொல்லிவிட்டு ஜீப் பிடித்துப் போனார். மூட்டைகளைத் தானே தூக்கி ஏற்றி, மூணாறுக்குக் கொண்டுவந்து மார்க்கெட் லாரியில் சேர்த்துவிட்டுத்தான் ஆபீஸுக்குத் திரும்பினார். சட்டையெல்லாம் செம்மண். அதற்குள் நான் ஒவ்வொரு புக்கிங்குக்கும் தனித்தனியாகப் பேர் வைத்து முடித்திருந்தேன். அவர் அதைப் பார்த்தார், தலையாட்டினார், முகம் கழுவப் போய்விட்டார்.

அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். இன்றுவரை வரவில்லை. அந்த ஒன்றுக்காகவே அந்த மனுஷன்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம்.