ஜித்தாக் கம்பளமும் கரண்ட் அடிக்கும் தொட்டியும்

பதுளை,
14.08.1982

அன்புள்ள மருமகன் ஸமீம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமா ஹாஷிம் எழுதுவது. ஜித்தாவில் நீங்கள் சுகமாக இருக்கத் தினமும் துஆச் செய்கிறோம். இங்கு மாமி லரீபா சுகம். நீங்கள் விட்டுப்போன ஆறு மீன்களும் சுகம். உங்கள் மனைவி றஷீனாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் அவளும் இருக்கிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் லீவில் வந்து, இந்த மலையூரில் கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புத் தண்ணீர் கலந்து, திருகோணமலையிலிருந்து கடல் மீனும் கொண்டுவந்து விட்டு, "பம்பு நிற்கவே கூடாது மாமா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினீர்கள். நாற்பது வருஷம் பஸாரில் புடைவைக் கடை நடத்தி ஓய்ந்த எனக்கு மீன் உத்தியோகம் கிடைத்தது. மூன்று மாதமாக அந்தத் தொட்டி எனக்குக் கரண்ட் அடிக்கிறது. அஸர் தொழுகைக்கு உளூச் செய்து, கை கால் கழுவிய ஈரத்தோடு வந்து, மிஞ்சிய இரையை அள்ளக் கையை விட்டால் முழங்கை வரை ஏறுகிறது. நீங்கள் அனுப்பிய கம்பளம் தொட்டிக்கு முன்னால் விரித்திருக்கிறது. அதில் ஈரக் கால் படக்கூடாது என்பது மாமியின் சட்டம். ஆகவே ஓரத்தை மடித்துவிட்டு, சிமெந்துத் தரையில் நின்றுதான் கையை விடுவேன். மாமி கையை விட்டால் ஒன்றுமில்லை, றஷீனாவுக்கும் ஒன்றுமில்லை. "ஒங்களுக்கு வயசு பெய்த்திட்டு. கை நடுங்கினா கரண்டு என்டு செல்றீங்க" என்றாள் மாமி. ரேடியோ திருத்தும் நிஸாமைக் கூப்பிட்டேன். அவன் முதலில் சுவிட்சை நிறுத்தினான், பிறகு பம்பைத் தடவினான், "ஒரு பிழையும் இல்ல" என்றான். நிறுத்தினால் எனக்கும்தான் அடிப்பதில்லை என்றேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாமி பள்ளிவாசல் லெப்பையை அழைத்து ஓதச் சொன்னாள். அவர் தொட்டிக்கு ஓதவில்லை, எனக்கு ஓதி ஊதினார். இப்போது தொழுகையில் பக்கத்தில் நிற்பவர்கள்கூட ஒரு முழம் தள்ளி நிற்கிறார்கள். இந்த வீட்டில் என்னை நம்ப ஒருவர் இல்லை.

உங்களுக்கும் எழுதினேன். "மீன் எப்படி, பம்பு ஓடுகிறதா?" என்று பதில் வந்தது. தாளின் அடியில் இடம் மிஞ்சினால் "றஷீனாவுக்கு ஸலாம்" என்று எழுதுவீர்கள். போன முறை இடம் மிஞ்சவில்லை.

நேற்று, தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் மோட்டார் பார்க்கும் கணபதி வந்தான். பம்பை ஓடவிட்டே டெஸ்டரைத் தண்ணீரில் வைத்தான். டெஸ்டருக்குள் விளக்கு எரிந்தது. "நீங்க எங்கன நின்னு கைய விட்டீங்க, காட்டுங்க" என்றான். காட்டினேன். "மொதலாளி, பம்போட ரப்பர உப்பு தின்னுருச்சு. தண்ணி பூரா கரண்டு. காஞ்ச கம்பளத்துல நிக்கிறவங்களுக்குத் தெரியாதுங்க. நீங்க ஈரக்காலோட சிமெந்துல நிக்கிறீங்க, அது ஒங்க வழியா தரைக்கு எறங்குது. உசுரோட இருக்கீங்களே, அதே பெருசு" என்றான். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. சாவேன் என்றாலும் பைத்தியம் இல்லை அல்லவா!

ஆகவே தாமதிக்காமல் புதுப் பம்பு ஒன்று அனுப்பவும். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், கடிதம் எழுத இதைவிடப் பெரிய தாளையும் தருவானாக.

இப்படிக்கு,
மாமா ஹாஷிம்

பி.கு.: இது மறுநாள் எழுதுவது. பம்பு அனுப்ப வேண்டாம். ஒட்டுவதற்கு முன் இதை றஷீனாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒருவரும் நம்பவில்லை என்று மேலே எழுதியது பிழை. முதலில் அடித்ததே அவளுக்குத்தானாம். அன்றுதான், வேறு யாருக்கும் அடிக்கக்கூடாதென்று, பெட்டிக்குள் கிடந்த கம்பளத்தை எடுத்து அங்கே விரித்திருக்கிறாள். நான் ஓரத்தை மடிப்பது அவளுக்குத் தெரியாது. "ஏன் மகள் செல்லல்ல?" என்றேன். "தொட்டிய எடுத்திட்டா, அவர் என்னத்தக் கேட்டு காயிதம் எழுதுவார் வாப்பா?" என்றாள். அவளை மன்னித்துவிட்டேன். உங்களை இன்னும் இல்லை. பிறகு அவளே பிளக்கைப் பிடுங்கினாள். பண்டாரவளையில் மீன் வளர்க்கும் ஹோட்டல்காரர் ஒருவர் வந்து, ஆறு மீன்களையும் வாளியில் கொண்டுபோனார். கம்பளத்தையும் சுருட்டிக் கட்டிவிட்டாள். வருவதென்றால் வாருங்கள், வெறும் சிமெந்துத் தரைதான்.