முள் நடுவில் நிற்கிறது

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் இங்கே சௌக்கியம். அங்கே நீங்கள் மூவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி, நேராக உங்கள் காரின் சௌக்கியத்துக்கு வருகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டாவது வாக்கியத்தில் என் மகள் உங்கள் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிடுவாள். அடுத்த வாரம் வியாழக்கிழமை ஸ்டேஷனிலிருந்து டாக்சி பிடித்து வரப்போவதாகவும், "அப்பா வண்டிய எடுக்கவே வேணாம்மா, கைக்குழந்தைய வச்சுக்கிட்டு என்னால பயந்து சாக முடியாது" என்றும் அவள் தன் அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. நீங்கள் மாற்றலாகிப் போகும்போது என்னை நம்பித்தான் காரை விட்டுவிட்டுப் போனீர்கள். பேரன் முதல் தடவையாக இந்த வீட்டுக்கு வருகிறான். அவனை ஸ்டேஷனிலிருந்து நான்தான் ஓட்டிக்கொண்டு வர வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆகவே நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன், முடிவை நீங்கள் சொல்லுங்கள்.

போன மாதம் மேட்டுச் சாலையில் ஏறும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே போயிற்று. தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டினேன். ஊரே ஸ்பேனர் என்று கூப்பிடுமே, அவர்தான். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலிருந்து உள்ளங்கையில் அடங்குகிற ஒரு உலோகச் சாமானைக் கழற்றி, "தெர்மோஸ்டாட் சார். எஞ்சின் சூடாகுற வரைக்கும் இது மூடியிருக்கும், தண்ணிய ரேடியேட்டருக்கு விடாது. சூடானதும் திறந்துவிடும். இது திறக்காம மாட்டிக்கிச்சு. புதுசு வர ரெண்டு நாள் ஆகும்" என்றார். நான் முப்பத்தோரு வருடம் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தவன். சூட்டைக் கிட்டே சேர்க்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். சூட்டைப் பிடித்து வைப்பதற்கென்று ஒரு சாமான் என்றால் என் மனம் ஒப்பவில்லை. "அது இல்லாமலே மூடுங்க, தண்ணி பாட்டுக்கு எப்பவும் ஓடட்டும்" என்றேன். "வேணாம் சார், எஞ்சினுக்கும் கொஞ்சம் சூடு வேணும்" என்றார். "சூட்டப் பத்தி எனக்கா சொல்றீங்க?" என்றேன். நான் சொன்னபடியே மூடிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு முள் அடியிலேயே படுத்துக்கொண்டது. எனக்குப் பரம திருப்தி. பெட்ரோல் மட்டும் தண்ணீராகச் செலவானது, அதை நான் பெரிதுபடுத்தவில்லை. பிறகு ஒருநாள் உங்கள் அத்தையைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணில் மருந்து விட்டு, நாலு மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரியும் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பும்போது மழை, குளிர், முன்கண்ணாடி முழுக்க உள்ளே ஆவி படிந்துவிட்டது. அதைப் போக்கச் சூடான காற்றுக்கான பொத்தானைத் திருப்பினால் கிடங்கில் வீசுகிற காற்று வந்தது. எஞ்சினிலேயே சூடு இல்லை, அது எங்கே போய்க் கொடுக்கும்? நான் ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எதிர்ல ஏதாவது வருதா பாரு" என்றேன். "ஐயோ, எனக்கு மட்டும்தான் தெரியலைன்னு இல்ல நினைச்சேன்! உங்களுக்கும் தெரியலையா?" என்று உங்கள் அத்தை அலறினாள். அப்படியே ஓரங்கட்டி, அவள் கண் தெளிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். அதில் ஞானம் வந்து, எஞ்சினுக்குச் சூடு வேண்டும், அவ்வளவுதானே என்று மறுநாள் ரேடியேட்டருக்கு முன்னால் காற்று படாதபடி ஒரு அட்டையை வைத்துக் கட்டினேன். மழை விட்டு வெயில் அடித்தது. அட்டையை மறந்துபோனேன். தபால் ஆபீஸ் சிக்னலில் நிற்கும்போது முன்பக்கத்திலிருந்து புகையாக ஆவி கிளம்பியது. இறங்கி ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். பின்னால் நின்ற பஸ் டிரைவர், "யோவ் பெரியவரே, கைய எடு, மூஞ்சி வெந்துடும்!" என்று கத்தினார். எடுத்தேன். வண்டியைத் தள்ளிய நாலு பேரில் நம் எதிர்வீட்டுக்காரரும் ஒருவர், ஆகவே செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய், அங்கிருந்து உங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது.

ஸ்பேனர் "எஞ்சின் தப்பிச்சது உங்க அதிர்ஷ்டம்" என்று மட்டும் சொன்னார். புதுத் தெர்மோஸ்டாட்டை மாட்டுவதற்கு முன்னால் நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, அதைப் போட்டு, என் பழைய தெர்மாமீட்டருடன் அடுப்படியில் நின்று பார்த்தேன். எண்பத்திரண்டு டிகிரியில் மெதுவாகத் திறந்தது. "சூடு பட்டா அதுகூட வாயத் திறக்குது. உங்களுக்கு எத்தனை டிகிரி வேணும்?" என்று உங்கள் அத்தை கேட்டாள். பால் பாத்திரம் இப்போது கார் ஷெட்டில் இருக்கிறது.

ஸ்பேனர் சொன்னது சரி, நான் செய்தது தப்பு. அதை அவரிடமும் சொல்லிவிட்டேன். இப்போது வண்டி கச்சிதம். தினமும் காலையில் கடைத்தெரு வரை ஓட்டிப் போய் வருகிறேன், முள் நடுவில் நிற்கிறது. வியாழக்கிழமை ஸ்டேஷனுக்கு வரட்டுமா என்று ஒரு வரி எழுதினால் போதும். மகளுக்கு என் ஆசீர்வாதம், பேரனுக்கு ஆயிரம் முத்தம், உங்கள் வேலை மேன்மேலும் செழிக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: இந்தக் கடிதம் எழுதியது உங்கள் அத்தைக்குத் தெரியாது.

தெரியும் மாப்பிள்ளை. அத்தைதான் எழுதுறேன். ஸ்டாம்ப் வாங்கப் போயிருக்கார், கடுதாசி மேஜை மேலயே கிடந்துச்சு. கடைத்தெருவுக்கு அவர் நடந்துதான் போறார். புதுசு மாட்டி ஸ்பேனர் கொண்டுவந்து விட்டதுல இருந்து வண்டி வாசல் கேட்டத் தாண்டல. தினம் காலையில ஸ்டார்ட் பண்ணி, அரை மணி நேரம் உள்ளயே உட்கார்ந்து அந்த முள்ளப் பார்த்துட்டு, அணைச்சுட்டு இறங்கிடுறார். சாவிய மாட்டுறதுக்கு முன்னால ரெண்டு தடவ இறங்கி வண்டியோட முன்பக்கத்தத் தொட்டுப் பார்க்குறார், ஜன்னல் வழியாப் பார்த்தேன். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. பொண்ணுகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க டாக்சி வேண்டாம்னு சொல்லிடுங்க, அவரையே ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி எழுதுங்க. இப்ப நீங்களும் வேணாம்னுட்டா, அப்புறம் அவர் அந்தக் கேட்டத் தாண்டவே மாட்டார்.