எண்ணெயை அழைக்கவும்

ஆறு மணிக்கு எழுந்தார். பல் தேய்த்தார். போர்வையை நான்காக மடித்தார். தேநீர் குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். ஏழு மணிக்கு மனைவி மருத்துவமனை வேலைக்குக் கிளம்பினாள். ஏழே காலுக்குக் கணினி முன் உட்கார்ந்தார்.

அவர் மெய்ப்புப் பார்ப்பவர். க், ச், த், ப் எங்கே வரும், எங்கே வராது என்று சண்டைக்கு நிற்பதால் அச்சகத்தில் அவருக்கு 'ஒற்று' என்று பெயர்.

"பன்னிரண்டுக்குள்ள புத்தகம் போயாகணும்," என்று செருப்பை மாட்டியபடியே மனைவி சொல்லியிருந்தாள். "இந்தத் தடவையும் இழுத்தடிச்சீங்கன்னா, பெரிய கும்பிடு போட்டு அனுப்பிடுவாங்க."

பள்ளி இலக்கணப் புத்தகம். நான்கு மாத வேலை. ஒரே கோப்பு, வேறு பிரதி இல்லை. இன்னும் இருபது பக்கம்தான் பாக்கி.

கோப்பைத் திறந்ததும் திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி துள்ளிக்கொண்டு வந்தது.

'எச்சரிக்கை! உங்கள் கணிணியில் ஐந்து வைரஸ் உள்ளது. கோப்புகள் அழிந்துப் போகும். உடனே கீழ்க்கண்ட எண்ணெயை அழைக்கவும்.'

ஒற்று பதறிப்போனார். வைரஸால் அல்ல.

"என்ன மாப்பிள்ளை, வைரஸாமே?" பின்னால் மாமியார். ஒற்று எப்போது எழுந்திருப்பார், கணினியில் எப்போது சீட்டு விளையாடலாம் என்று காத்திருப்பவர்.

"பொய் அத்தை. மூணு வரியில நாலு பிழை. நிஜமான கம்பெனி இப்படியா எழுதும்?"

"எண்ணெயை எப்படி மாப்பிள்ளை அழைக்கறது?"

"அதான் சொல்றேன். பிழை இருந்தா மோசடி. கிட்டயே போகாதீங்க."

"பிழை இல்லேன்னா?"

"பிழையில்லாம எழுதத் தெரிஞ்சவன் திருட ஏன் அத்தை வர்றான்?"

மாமியார் அதை மனதில் முடிந்துகொண்டு உள்ளே போனார்.

ஒற்று பெட்டியின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினார். பெட்டி போய், மூன்று பெட்டிகள் வந்தன. மூன்றிலும் எண்ணெய். கணினியை அணைத்துப் போட்டார். ஐந்து வந்தன.

கணினிக் கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"சீட்டு, சினிமான்னு ஏதாவது தளத்துக்குப் போனீங்களா சார்?"

"நான் போகல," என்று ஒற்று சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"அது 'அறிவிப்பு அனுப்பவா'ன்னு கேட்டிருக்கும், யாரோ 'அனுமதி'யை அழுத்தியிருக்காங்க. பிரௌசர் அமைப்புல போய் அந்தத் தளத்தைத் தடுத்துடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. பெட்டியை மட்டும் தொட்டுடாதீங்க."

ஒற்று அமைப்புக்குள் போனார். தளம் இருந்தது. 'தடு' இருந்தது. விரலும் அதன் மேல்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து 'அழிந்துப்' மறுபடி எட்டிப் பார்த்தது.

விரல் 'தடு'வை விட்டு நகர்ந்தது. பெட்டியின் அடியில், பொடி எழுத்தில், 'உங்கள் கருத்து' என்று ஒரு கட்டம்.

'ஐயா, கணிணி அல்ல, கணினி' என்று எழுதி அனுப்பினார். அதோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தார்.

பத்து நிமிடத்தில் பெட்டி வந்தது. 'கணினி'! இருபது வருடத் தொழிலில் எந்த ஆசிரியரும் இவ்வளவு சீக்கிரம் அவர் திருத்தத்தை ஏற்றதில்லை. கீழே ஒரு குறிப்பும் இருந்தது: 'நண்றி.'

"நண்றியாம்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அதையும் திருத்தினார்.

ஆள் இருக்கும் வீடு என்று தெரிந்ததும் நிமிடத்துக்கு ஒரு பெட்டி வரத் தொடங்கியது. ஒற்று சளைக்கவில்லை. ஐந்து என்றால் வைரஸ்கள், உள்ளது அல்ல உள்ளன. அழிந்து என்பதற்குப் பின் ப் வராது. ஏன் வராது என்று ஒரு பத்தி விளக்கம். எண்ணெய் வேறு, எண் வேறு. இலக்கணப் புத்தகம் அதே இருபது பக்கத்தோடு பின்னால் காத்துக் கிடந்தது.

பதினொன்றரைக்குப் பெட்டி வந்தது.

'எச்சரிக்கை! உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன. கோப்புகள் அழிந்து போகும். உடனே கீழ்க்கண்ட எண்ணை அழைக்கவும்.'

இரண்டு முறை படித்தார். நெஞ்சு நிறைந்தது. இதைத் தடுக்க மனம் வரவில்லை. முகம் கழுவிவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தார்.

துண்டோடு திரும்பியபோது நாற்காலியில் மாமியார் இருந்தார். காதில் போன். இரண்டு கையும் மடியில். திரையில் அம்புக்குறி தானாக ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தை! அதை யார் நகர்த்தறது?"

"ஷ்ஷ். அவங்கதான். உள்ளே வந்து சுத்தம் பண்றாங்க. ஒரு எண் சொன்னாங்க, அடிச்சேன். ரொம்ப மரியாதையான பிள்ளைங்க."

அம்புக்குறி இலக்கணப் புத்தகத்தைப் பிடித்து இழுத்துப்போய்க் குப்பைத் தொட்டியில் போட்டது. பிறகு தொட்டியையும் காலி செய்தது. ஒற்று பாய்ந்து வயரைப் பிடுங்கினார். திரை இருண்டது. சுவரில் மணி பதினொன்று ஐம்பது.

"மோசடின்னு காலையிலேயே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அத்தை!"

மாமியார் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"நீங்க சொன்னதை மறப்பேனா மாப்பிள்ளை? எழுத்தெண்ணிப் பார்த்துட்டுத்தான் போன் பண்ணினேன். ஒரு பிழைகூட இல்லை."