ரேடியேட்டரை மறைத்த தாய்மாமன்

ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவன் நான். சூடு எப்படிப் பரவுகிறது, தண்ணீர் அதை எப்படிச் சுமந்து போகிறது, காற்று பட்டால் எப்படி ஆறுகிறது என்று வருடா வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குகிறேன். அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்ட பிள்ளைகளை பெஞ்ச் மேல் ஏற்றியும் இருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் என்னை மன்னித்துவிடுங்கள். உங்கள் சார் அந்தப் பாடத்தில் ஃபெயில். மேலக்கால் ரோட்டில், பட்டப்பகலில், சம்சாரத்தின் முன்னிலையில் ஃபெயிலானவர்.

என் தங்கச்சி செல்வியைச் சோழவந்தானில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுடைய மகள் யாழினிக்கு மூன்று வயதில் காதுகுத்து வைத்தார்கள். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன் சீரோடு வந்து இறங்க வேண்டும். அவன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் வருவதற்குள் நல்ல நேரம் முடிந்துவிட்டால், அந்தப் பேச்சு பிள்ளைக்குப் பேரன் பிறக்கும்வரை ஓயாது.

செல்விக்கு ஒரு ஓரகத்தி உண்டு. முந்தின வருடம் அவள் பிள்ளைக்குக் காது குத்தியபோது அவளுடைய அண்ணன் கப்பல் மாதிரி ஒரு கறுப்பு காரில் வந்து இறங்கினார். அதிலிருந்து அந்த வீட்டில் கார் என்றாலே அந்தக் கார்தான். செல்வி என்னிடம் போனில் சொன்னாள், "நீ பெருசா ஒண்ணும் செய்ய வேணாம்ணே. நேரத்துக்கு வந்து சபையில உக்காரு, அது போதும்." தங்கச்சி வேண்டாம் என்று சொன்னால் அண்ணன் இரண்டு மடங்கு செய்ய வேண்டும் என்று நானாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அடுத்த மாதமே ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினேன்.

"ஒரே கை சார். டாக்டர் ஓட்டுன வண்டி" என்றார் புரோக்கர். (மதுரையில் விற்பனைக்கு வரும் பழைய கார்களை எண்ணிப் பார்த்தால் ஊரில் பாதிப் பேர் டாக்டர்கள்.) டாக்டர் வண்டிதான், ஆனால் நாள்பட்ட நோயாளி. திருநகர் வீட்டு வாசலில் நிறுத்தினால், என் மனைவி மகேஸ்வரி போட்ட கோலத்தில் தினமும் ஒரு துருச் சொட்டு விழுந்தது. ஸ்டார்ட் செய்தால் முன்னாலிருந்து எலிக்குஞ்சு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். "ஏங்க, இது என்னன்னு காட்டக் கூடாதா? கோலத்தைக் கழுவிக் கழுவி எனக்குக் கை ஓஞ்சுபோச்சு" என்றாள்.

காளவாசலில் சிக்கந்தர் பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஸ்கூட்டர் காலத்திலிருந்து எனக்கு அவர்தான் மெக்கானிக். பானெட்டைத் திறந்து, பெல்ட் சுற்றுகிற ஒரு சின்னச் சக்கரத்தைப் பிடித்து அசைத்தார். விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

"வாட்டர் பம்ப் சார். பேரிங் போயிருச்சு, தண்ணியும் ஒழுகுது. இன்ஜினுக்குள்ள தண்ணியச் சுத்தவிடுறதே இதுதான். உள்ளூருக்குள்ள ஓட்டுங்க. வெளியூர் வேணாம்."

"சோழவந்தான் வெளியூரா பாய்?"

"இந்தப் பம்புக்கு அது வெளியூருதான் சார். ரெண்டு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க, மாத்தித் தாரேன்."

மெக்கானிக் சொன்னதை உடனே ஒத்துக்கொள்பவன் ஏமாளி என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு கொள்கை உண்டு. அதோடு, அந்த இரண்டு நாளும் வண்டி எனக்கு வேறு வேலையாக வேண்டியிருந்தது. சீட் கவர் மாற்ற வேண்டும், பாலிஷ் போட வேண்டும், முக்கியமாக ஃப்ளெக்ஸுக்கு அளவெடுக்க வேண்டும். விசேஷம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் பாய் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஃப்ளெக்ஸ் இல்லாமல் மதுரையில் யாருக்கும் காது குத்துவதில்லை. காரின் முன்பக்கம் முழுக்க வருகிற மாதிரி ஒன்று அடித்தேன். கூலிங் கிளாஸோடு கை கட்டி நிற்கிற நான். எனக்குப் பின்னால் ஒரு சிங்கம். கீழே 'வாராரு தாய்மாமன், வழி விடுங்க' என்று வாசகம். தலையில் கிரீடம் வைக்கவா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். (இந்தக் கதை முழுவதிலும் நான் காட்டிய ஒரே அடக்கம் இதுதான்.)

ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம், அதற்குள் காது குத்தியாக வேண்டும். ஒன்பதே முக்காலுக்கே கிளம்பினோம். இருபத்தோரு சீர்த்தட்டும் மாலை போட்ட ஒரு கிடாயும் லோடு வண்டியில். அதில் ஒரு தட்டு நிறைய வெற்றிலை. (வெற்றிலை விளைகிற சோழவந்தானுக்கே மதுரையில் வெற்றிலை வாங்கிக் கொண்டுபோனவன் நான்.) லோடு வண்டி டிரைவர் பாண்டி, "நான் முன்னாடி போறேன் சார், பள்ளம் மேடு பாத்துச் சொல்லிருவேன்" என்றார். மாமன் வண்டிதான் முன்னால் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஃப்ளெக்ஸை நானே கட்டினேன். காற்றில் படபடவென்று அடித்தால் மரியாதையாக இருக்காது என்று, நாலு மூலையிலும் கயிறு போட்டு, தவிலுக்குத் தோல் கட்டுகிற மாதிரி இழுத்துக் கட்டினேன்.

காளவாசல் சிக்னலுக்குப் பக்கத்தில் டீக்கடை வாசலில் சிக்கந்தர் பாய் நின்றுகொண்டிருந்தார். என் வண்டியைப் பார்த்ததும் டீ கிளாஸோடு ரோட்டுக்கே ஓடிவந்து, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். ஃப்ளெக்ஸைப் பார்த்து அசந்துபோய்விட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. கண்ணாடியை இறக்கி, தேர்தலில் நிற்கிறவன் மாதிரி கும்பிட்டபடியே அவரைக் கடந்து போனேன்.

துவரிமான் தாண்டியதும் மகேஸ்வரி கேட்டாள், "ஏங்க, அந்த முள்ளு ஏன் மேல ஏறிக்கிட்டே போகுது?"

"பழைய வண்டி. முள்ளு சும்மா அப்படித்தான் காட்டும்."

"ஏ.சி.யில அனலா வருதே?"

"வெளிய வெயிலு."

"இப்ப முன்னாடி புகை வருதே, அதுவும் வெயிலா?"

நிறுத்தினேன். பானெட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி சீறிக்கொண்டு வந்தது. கொதிக்கிற பாத்திரத்தின் மூடியை அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது என்று பாடம் நடத்துகிற அறிவியல் வாத்தியார், சீர்த்தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். துருத்தண்ணி ஆளுயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. நல்லவேளை, பாண்டி என் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். தோல் தப்பியது, பட்டுச் சட்டை தப்பவில்லை. நெஞ்சிலிருந்து வேட்டிக் கரை வரை செம்மண் புள்ளிகள்.

சிக்கந்தர் பாய்க்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"முதல்ல மூடியைத் தொடாதீங்க சார்" என்றார்.

"தொட்டாச்சு பாய்" என்றாள் மகேஸ்வரி.

"யா அல்லா. சரி, காத்துப் போற இடத்தை மறைச்சு ஏதோ கட்டியிருந்தீங்களே, அதையாவது அவுத்தீங்களா? அதைச் சொல்லத்தான சார் காளவாசல்ல அம்புட்டுத் தூரம் ஓடியாந்தேன். நீங்க கும்பிட்டுட்டுப் போறீங்க."

"எதை பாய்?" என்றேன். சத்தியமாக எனக்குப் புரியவில்லை.

மகேஸ்வரி காரின் முன்னால் போய் நின்று பார்த்தாள். "இவரு மூஞ்சிதான் பாய் மறைச்சுக்கிட்டு இருக்கு" என்றாள்.

பம்ப் ஏற்கெனவே சாகக் கிடந்தது. அது கடைசியாக இழுத்த மூச்சையும் என் முகம் அடைத்துவிட்டது. இவ்வளவு தெரிந்த பிறகாவது ஃப்ளெக்ஸைக் கழற்றினேனா? இல்லை. கழுத்துவரைக்கும் மேலே மடித்துக் கட்டினேன். கறுப்பு கார் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அரை மணி நேரம் ஆறவிட்டோம். சீருக்கு வாங்கிய பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு பாண்டி வாய்க்காலில் இறங்கித் தண்ணீர் கொண்டுவந்தார். ஊற்றினோம், ஓடியது. ஒரு கிலோமீட்டரில் மறுபடியும் கொதித்தது. அடுத்த இடத்தில் பக்கத்தில் வாய்க்கால் இல்லை, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றினோம். அதுவும் தீர்ந்ததும் சபையில் தெளிக்க வாங்கிய பன்னீர் பாட்டில் நான்கையும் ஊற்றினேன். ரோடெல்லாம் கல்யாண வீட்டு வாசனை. "ஏங்க, சந்தனம் கூட இருக்கு, அதையும் கரைச்சு ஊத்திருவோமா?" என்றாள் மகேஸ்வரி. அவள் சிரிக்கவில்லை.

"இதை இங்கயே ஓரமா விட்டுட்டு லோடு வண்டியில ஏறுங்க. நேரத்துக்குப் போயிருவோம்" என்று அவள் அதற்கு முன்பே மூன்று தடவை சொல்லிவிட்டாள். பாண்டியும் சொன்னார். ஆட்டோடு ஆடாகப் போய் இறங்குவதா என்று நான் மூன்று தடவையும் முறைத்தேன். மேலக்காலுக்குச் சற்று முன்னால் எலிக்குஞ்சுச் சத்தம் திடீரென்று நின்றது. சரியாகிவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். பம்ப் இறுகி, பெல்ட் அறுந்து, வண்டி ஒரு புளியமரத்தடியில் நின்றுவிட்டது. மணி பதினொன்று இருபத்தைந்து.

அப்போது செல்வியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, எங்கண்ணே இருக்க?" குரல் உடைந்திருந்தது. "ஆசாரி வந்து உக்காந்து ஒரு மணி நேரமாச்சு. நேரம் போகுதுன்னு எல்லாரும் முணங்குறாக. ஓரகத்தியோட அண்ணன் இங்கதான இருக்காரு, அவரு மடியில வச்சுக் குத்திருவோமான்னு மாமனாரு கேக்குறாரு. நான் வேணாம், எங்கண்ணன் வரும்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். நீ காருல வரணும்னு நான் கேட்டனாண்ணே? நடந்து வந்தாலும் சரி, வந்துரு."

அந்த நிமிடம்தான் எனக்கு வெட்கம் வந்தது. சபையில் அவள் எனக்காக ஒற்றை ஆளாக நின்று வாதாடிக்கொண்டிருந்தாள். நான் என் போட்டோவுக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். "வாரேன்மா" என்றேன்.

லோடு வண்டியின் முன் சீட்டில் பாண்டிக்குப் பக்கத்தில் மகேஸ்வரி, அவள் மடியில் நாலு தட்டு. பின்னால் மிச்சத் தட்டுகளுக்கு நடுவில் நானும் கிடாயும். ஏறுவதற்கு முன் பாண்டி ஒரு சந்தேகம் கேட்டார். "ஊர் எல்லையில மேளக்காரங்க ஃப்ளெக்ஸ் கட்டுன காருக்குத்தான சார் காத்துக்கிட்டு இருப்பாங்க? நம்மளப் பாத்தா அடிப்பாங்களா?" சொல்லிவிட்டு அவரே ஃப்ளெக்ஸை அவிழ்த்து லோடு வண்டியின் முன்னால், காற்றை மறைக்காமல், கண்ணாடிக்கு மேலே கட்டினார். (அவர் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவர்.)

சோழவந்தானுக்குள் அப்படித்தான் நுழைந்தேன். மேலே சிங்கத்தோடு ஒரு தாய்மாமன். பின்னால் கிடாயின் கழுத்தைக் கட்டிப் பிடித்தபடி, துருப்புள்ளிச் சட்டையும் பன்னீர் வாசனையுமாக இன்னொரு தாய்மாமன். மேளக்காரர்கள் ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் அடிக்க ஆரம்பித்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒரு அடி தவறியது. பிறகு சமாளித்துக்கொண்டு இன்னும் பலமாக அடித்தார்கள். அன்று என்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஜீவன் அந்தக் கிடாய்தான். அதையும் அடுத்த வாரம் கறியாக்கிவிட்டார்கள்.

மண்டபத்துக்குள் போனபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஓரகத்தியின் அண்ணன் மணையில் உட்காராமல் பக்கத்திலேயே தயாராக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் மரியாதையாக விலகினார். (அந்த மரியாதைதான் ரொம்ப வலித்தது.) நான் உட்கார்ந்து கையை நீட்டினேன். யாழினி என் சட்டையைப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், வீல் என்று அலறினாள். ஆசாரி இன்னும் ஊசியையே எடுக்கவில்லை. மணி ஏறிக்கொண்டே போனது. செல்வி முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா ஆட்டுக்குட்டி கூட வந்துச்சுடா" என்றாள் மகேஸ்வரி.

அழுகை நின்றது. "எங்க?"

பாண்டி கிடாயை மண்டபத்துக்குள்ளேயே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். யாழினி அதன் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு என் மடியில் உட்கார்ந்தாள். பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது இரண்டு காதும் குத்தியாயிற்று. செல்வி பக்கத்தில் வந்து துண்டால் என் முகத்தைத் துடைத்தாள். அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "சட்டையைக் கழட்டித் தாண்ணே, அலசிப் போடுறேன்" என்றாள்.

மறுநாள் சிக்கந்தர் பாயே புளியமரத்தடிக்கு வந்து, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். புதுப் பம்ப் மாட்டிவிட்டுப் பழையதை என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை. ஃப்ளெக்ஸ் செல்வி வீட்டு ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகிவிட்டது. சிங்கம் வெயிலில் வெளுத்துப்போயிற்று, நான் இன்னும் தெளிவாக இருக்கிறேன்.

அந்த டாக்டர் காரைத் தள்ளிவிட்டு வேறு வண்டி வாங்கி இரண்டு வருடமாகிறது. இது புதுசு, ஒரு சொட்டு ஒழுகாது. போன மாதம் அதில்தான் சோழவந்தான் போனேன். வழக்கம்போல யாழினி வாசலுக்கு ஓடிவந்தாள். எட்டு வயது, காதில் ஜிமிக்கி ஆடுகிறது, இரண்டு கையிலும் இரண்டு சொம்புத் தண்ணீர். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும்போது எல்லா வீட்டிலும் ஒரு சொம்புதான் வரும், அந்த வீட்டில் எனக்கு மட்டும் இரண்டு.

"இது உங்களுக்கு மாமா. இது காருக்கு."

வண்டி புதுசு என்று விளக்கிப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், சொம்பை மட்டும் கீழே இறக்கவில்லை. நான் இரண்டையும் வாங்கிக் குடித்தேன்.