சப்பைமூக்கு வீட்டுச் சம்பந்தம்

ஒரு காட்டில், அதன் வாசலைக் காவல் காக்கும் வேலையில், சப்பைமூக்கு வம்சம் என்று பெயர் பெற்ற நாய்க் குடும்பம் இருந்தது. அந்த வம்சத்தின் முதல் நாய்க்கு மூக்கு சாதாரணமாகத்தான் இருந்தது. அதன் குட்டிகளில் ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் சப்பை. காட்டு விழாவில் நடுவராக இருந்த மயில் அதைப் பார்த்து, "முகம் லட்சணமாக இருக்கிறது" என்று மாலை போட்டது. அன்றிலிருந்து மாலை சப்பை மூக்குக்குத்தான். மாலை வாங்கிய வீட்டுக்குத்தான் வாசல் காவல் என்பதும் வழக்கமாகிவிட்டது.

அந்த மூக்கு வெளியே போய்விடக் கூடாது என்று அவர்கள் வெளிச் சம்பந்தத்தை நிறுத்தினார்கள். அத்தை மகன், மாமன் மகள் என்று ஆரம்பித்தார்கள். கொஞ்ச காலத்தில் அதுவே தூரத்துச் சொந்தமாகத் தெரிந்தது. அண்ணனுக்கும் தங்கைக்கும் முடித்தார்கள். அதில் வசதியும் இருந்தது. பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் ஒன்றே என்பதால் பந்தியில் சண்டை கிடையாது. சம்பந்தி கோபித்துக்கொண்டு எழுந்து போனாலும் அதே வீட்டுக்குத்தான் போகவேண்டும்.

தலைமுறைக்குத் தலைமுறை மூக்கு உள்ளே போயிற்று. கடைசியில் முகத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும் மிச்சம். நடந்தால் மூச்சு வாங்கும், படுத்தால் குறட்டை. "நம்ம வீட்டுக் குறட்டையைக் கேட்டா சிறுத்தையே பயப்படும்" என்பார் குடும்பத்தின் பெரியவர் சிங்கமுத்து. அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவார்.

மாசாணி அவருடைய மகள். பேத்தியும் அவள்தான்.

மாசாணிக்கு முதல் ஈற்றில் ஐந்து குட்டிகள். மூன்று எழுந்திருக்கவே இல்லை. நான்காவது, பால் குடித்தால் மூச்சு விட முடியாமல், மூச்சு விட்டால் பால் குடிக்க முடியாமல் தவித்து அடங்கியது. ஐந்தாவதை வாயில் கவ்விக்கொண்டு வைத்தியர் ஆமையிடம் போனாள். ஓட நினைத்தாள், முடியவில்லை. ஆமை எல்லோரையும் நிதானமாகப் பார்க்கும் என்பதால் வரிசை ஆலமரத்தைத் தாண்டி நின்றது.

"டோக்கன் வாங்கினியாம்மா?" என்றது முன்னால் நின்ற முள்ளம்பன்றி. "விடியறதுக்குள்ள வந்து இடம் பிடிக்கணும்."

அவள் முறை வந்தபோது குட்டி சில்லிட்டுப் போயிருந்தது.

ஆமை குட்டியைப் பார்த்தது. மாசாணியின் முகத்தைப் பார்த்தது. "இதுக்கு அப்பா யாரு?"

"எங்க அண்ணன்."

"உன் அப்பா?"

"சிங்கமுத்து."

"உங்கம்மாவுக்கு அப்பா?"

"அவரேதான்."

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. "எல்லா வீட்டிலயும் ஒண்ணு ரெண்டு குறை ஒளிஞ்சிருக்கும். அம்மா பக்கத்துக் குறையை அப்பா பக்கம் மூடிடும். உங்க வீட்டுல ரெண்டு பக்கமும் ஒரே குறை. மூடுறதுக்கு யாரும்மா இருக்கா? அடுத்த தடவை ஆத்துக்கு அந்தப் பக்கம் பாரு."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் காத்தான் என்ற நாய் திரிந்துகொண்டிருந்தான். நீண்ட மூக்கு, மடிந்த காது. மாசாணி மெதுவாக ஆற்றைக் கடந்து போய் அவனிடம் கேட்டாள். "உங்களுக்கும் எனக்கும் ஏதாவது சொந்தம் உண்டா?"

"ஒண்ணும் கிடையாதும்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எங்கப்பா யாருன்னே எனக்குத் தெரியாது."

அவ்வளவு ஆறுதலான பேச்சை மாசாணி அதுவரை கேட்டதில்லை.

அடுத்த ஈற்றில் நான்கு குட்டிகள். நான்கும் பிழைத்தன. சிங்கமுத்து வந்து குனிந்து பார்த்தார்.

"இது என்ன, முகத்துல கத்தரிக்காயை ஒட்டி வெச்ச மாதிரி?"

"மூக்குப்பா."

"மயில் கண்ணுல பட்டா மானம் போயிடும். பின்பக்கம் கொண்டு போ."

குட்டிகள் பின்பக்கத்திலேயே வளர்ந்தன. ஒரு மதியம் வாசலில் குடும்பமே படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டுச் சிறுத்தை வந்தது. அது பயப்படவில்லை, எல்லோரும் தூங்குகிறார்கள் என்று புரிந்துகொண்டது. முதலில் செம்பி என்ற பெண் குட்டிக்குத்தான் மோப்பம் கிடைத்தது. அவள் குரைக்க, அண்ணன் மருதனும் மற்ற இரண்டும் சேர்ந்துகொண்டார்கள். நால்வரும் சிறுத்தையை ஆறு வரைக்கும் துரத்தினார்கள். சிங்கமுத்துவுக்கு வந்த ஆபத்து வால் நுனியோடு போயிற்று.

காடே கூடியது. மயில் நான்கு குட்டிகளையும் சுற்றி வந்து, "முகம் லட்சணமாக இருக்கிறது" என்று மாலை போட்டது. மாசாணிக்கு நெஞ்சு நிறைந்தது. இனி தன் பிள்ளைகள் தைரியமாக ஆற்றைத் தாண்டிப் போய்த் துணை தேடலாம் என்று நினைத்தாள்.

சிங்கமுத்து எழுந்து நின்றார். "இன்னையிலேர்ந்து நாம நீள்மூக்கு வம்சம். இப்படி ஒரு மூக்கு வேற எங்கயும் கிடையாது. இது வெளிய போயிடக் கூடாது. செம்பியை மருதனுக்கே முடிச்சிடலாம்."

"அண்ணன் தங்கச்சிப்பா."

"தெரியும். அதனாலதான் ஜாதகம்கூட பார்க்க வேணாம்."

கல்யாணத்துக்குக் காத்தானுக்கும் ஆள் போயிற்று. வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த சப்பைமூக்கு நாய் அவனை நிறுத்தியது. "நீங்க பெண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"ரெண்டும்."

"அப்போ நம்ம ஆளுதான். உள்ள வாங்க."

மாசாணி அவனை ஓரமாக இழுத்தாள். "நீங்களாவது வேணாம்னு சொல்லுங்க. அஞ்சு குட்டியைப் பறிகொடுத்தவ சொல்றேன்."

காத்தான் கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டான். "நம்ம மூக்கு கண்டவங்க வீட்டுக்குப் போகலாமா? நீயே சொல்லு."

மேளம் கொட்டியது. மாசாணி சாப்பிடாமல் வெளியே நடந்தாள். வைத்தியர் வீட்டு வரிசையில் போய் நின்றாள். அன்றும் அங்கே முள்ளம்பன்றி இருந்தது.

"யாருக்கும்மா டோக்கன்?"

"பேரப்பிள்ளைங்களுக்கு."

"எங்க, காணோமே?"

"இன்னும் பிறக்கல."

முள்ளம்பன்றி முள்ளை மடக்கிக்கொண்டு வழிவிட்டது. "முன்னாடி போம்மா."

நீதி: வீட்டுக்குப் புது ரத்தம் மிகவும் நல்லது. அது உள்ளே வந்ததும் கதவைச் சாத்திவிட வேண்டும்.